எங்கள் குழுவின் சிடியை இணையச் சந்தையில் விற்கலாமா? விற்றுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஆறு பேர் கொண்ட கானாக் குழு. இருவர் பாடுகிறோம், சட்டி, டோல் என்ற தாள வாத்தியங்கள், விசைகள் வைத்த தந்தி வாத்தியமான புல்புல்தாரா, கீபோர்டு ஆகியவற்றை மற்ற நால்வரும் வாசிக்கிறார்கள். சென்ற ஆண்டு வியாசர்பாடியில் ஒரு வீட்டின் மாடி அறையில், பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகாத நேரமாகப் பார்த்துப் பார்த்து, எட்டுப் பாடல்களைப் பதிவு செய்தோம். மொத்தம் 41 நிமிடங்கள். கையில் இருந்த காசைப் போட்டு 300 சிடி எடுத்தோம். நிகழ்ச்சிகள் முடிந்ததும் மேடை ஓரத்தில் ஒரு மேசை போட்டு 110 விற்றுவிட்டோம். மீதி 190 சிடிகள் இரண்டு அட்டைப் பெட்டிகளில் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

எல்லோரும் பொருள் வாங்கும் இணையச் சந்தை ஒன்றில் பட்டியலிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்கு வரிப் பதிவு வேண்டுமா, என்ன செலவாகும், கைக்கு என்ன நிற்கும் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஏழு பாடல்களில் சொல்லும் மெட்டும் எங்களுடையவை. ஒரு பாடலுக்கு மட்டும் பழைய திரைப்பாடல் ஒன்றின் மெட்டை எடுத்து எங்கள் வரிகளைப் போட்டிருக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ராயபுரம் கீபோர்டு

தம்பி, நான் விற்றுப் பார்த்தவன் என்பதால் கணக்கை அப்படியே சொல்கிறேன். தனி வாத்திய இசைச் சிடி ஒன்றை ஒரு பெரிய சந்தையில் 250 ரூபாய்க்குப் போட்டிருந்தேன். ஒரு சிடி விற்றால் தரகு, விற்பனைக் கட்டணம், அனுப்பும் கட்டணம் எல்லாம் சேர்ந்து 118 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்; அந்தக் கட்டணங்களின் மேல் 18 விழுக்காடு வரி என்று இன்னும் 21 ரூபாய் போனது. என் கைக்கு வந்தது 111 ரூபாய். சிடிக்கும் உறைக்கும் 55, பபுள் கவருக்கும் அட்டைக்கும் 12 என்று கழித்தால் மிஞ்சியது 44 ரூபாய். பதினான்கு மாதங்களில் 23 சிடிகள் விற்றன. அவற்றில் ஐந்து திரும்பி வந்தன.

திரும்பி வருவதுதான் உண்மையான அடி. பெட்டியின் நடுவில் வட்டைப் பிடித்துக்கொள்ளும் சின்னஞ்சிறு பற்கள் இருக்கின்றன அல்லவா, வழியில் ஒரு தட்டு தட்டினால் அவை ஒடிந்துவிடும். அதன்பிறகு வட்டு பெட்டிக்குள் தளர்ந்து, ஒடிந்த தூளின் மேலேயே உரசிக்கொண்டு ஊர் முழுக்கப் பயணம் செய்யும். எனக்குத் திரும்பி வந்த ஒன்றைத் திறந்தபோது உள்ளே மணல் கொட்டியதுபோல் இருந்தது. வட்டில் பிறை பிறையாகக் கீறல்கள். அந்த ஒரு சிடிக்காக அனுப்பிய கூலியையும் திரும்ப எடுத்த கூலியையும் என் கணக்கில் கழித்தார்கள். மூன்று சிடி விற்ற லாபம் அதில் போயிற்று. ஆகவே கடினப் பிளாஸ்டிக் பெட்டியில் அனுப்பாதீர்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கும் கனத்த அட்டையிலேயே உறை மடித்துத் தருகிறார்கள். உடையாது, எடையும் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

வண்ணை கணக்கர்

வரி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இணையச் சந்தையின் வழியே பொருள் விற்பவர் எவ்வளவு குறைவாக விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு பெற்றே ஆக வேண்டும் என்பதுதான் முன்பு இருந்த விதி. 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்த்தப்பட்டது. ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருந்து (தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு 40 லட்சம் ரூபாய்), மாநிலத்துக்குள் மட்டுமே விற்பவர் பதிவு இல்லாமலே, பான் எண்ணைக் கொடுத்து வரித்துறைத் தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று விற்கலாம். ஆனால் பெங்களூரிலிருந்து ஒருவர் வாங்கினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை ஆகிவிடும். அதற்கு முழுப் பதிவு தேவை. பதிவு பெற்றால் சிடிக்கு 18 விழுக்காடு வரி கட்டி, விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இதில் நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய தடையாக இருப்பது இடத்துக்கான சான்று. வாடகை வீட்டில் இருப்பவர் பதிவுக்கு விண்ணப்பித்தால் வாடகை ஒப்பந்தமோ உரிமையாளரின் ஒப்புதல் கடிதமோ வேண்டும், கூடவே மின் கட்டண ரசீதும் வேண்டும். வீட்டில் கடை நடக்கிறது என்று மின் கட்டணத்தையும் சொத்து வரியையும் ஏற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில் உரிமையாளர்கள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். என்னிடம் வந்த இசைக் கலைஞர்கள் பலர் இந்த ஒரு காகிதத்தில்தான் நின்றுபோனார்கள். ஆகையால் முதலில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பது என்று தொடங்குங்கள்.

வியாசை இளங்கவி

நான் மாறுபட்ட கருத்துடையவன். அண்ணன்கள் மன்னிக்க வேண்டும். சிடியை யார் போட்டுக் கேட்கப் போகிறார்கள்? புதிய மடிக்கணினிகளில் அந்த வசதியே இல்லை, புதிய கார்களிலும் இல்லை. நம் பகுதி ஆட்டோக்களில் பென் டிரைவ் செருகிப் பாட்டுப் போடுகிறார்கள், மற்றவர்கள் கைப்பேசியில் கேட்கிறார்கள். எட்டுப் பாடல்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு விற்றால் ஆட்டோ ஸ்டாண்டிலேயே தீர்ந்துவிடுமே. சந்தைக்குத் தரகு கொடுத்து, உடையக்கூடிய ஒரு பொருளை எதற்காக ஊர் ஊராக அனுப்ப வேண்டும்?

கொருக்குப்பேட்டைக்காரன்

இளங்கவி தம்பி கேட்பது நியாயமான கேள்வி. எங்கள் குழுவிலேயே இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

எங்கள் சட்டிக்காரருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. சாவு வீடுகளிலும் கல்யாண வீடுகளிலும் நாற்பது ஆண்டுகளாக வாசித்தவர். அந்தக் காலத்தில் அவர் வாசித்துப் பதிவான கேசட்டுகள் இருந்திருக்கின்றன. ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. பாடியவரின் படம் இருக்கும், வெளியிட்ட கடையின் பெயர் பெரிதாக இருக்கும், சட்டி வாசித்தவனின் பெயரை யார் போடுவார்கள் என்று அவரே சொல்வார். எங்கள் சிடி அச்சாகி வந்த அன்று ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது, காட்டு என்றார். உறையின் பின்பக்கத்தில் மூன்றாவது வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டு அவளைப் படிக்கச் சொன்னார். அவர் வீட்டில் சிடி போடும் கருவி இல்லை. இன்றைக்கும் அந்தச் சிடி ரேஷன் அட்டை வைத்திருக்கும் பெட்டியில்தான் இருக்கிறது.

இதே பாடல்களைக் கைப்பேசிச் செயலிகளிலும் ஏற்றியிருக்கிறோம். அங்கே குழுவின் பெயர் இருக்கிறது. சட்டி யார், புல்புல்தாரா யார் என்பதைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. பென் டிரைவில் பெயரை எங்கே அச்சிடுவது? ஆகவே சிடி எங்களுக்கு வேண்டும். அதை எப்படி விற்பது என்பதுதான் கேள்வி.

பழைய கேசட் கடை

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. கேசட் காலத்திலும் பிறகு சிடி காலத்திலும் ராயபுரத்தில் கடை வைத்திருந்தவன் நான். பெயர் போடாமல் வந்த கானாக் கேசட்டுகளை நானும் கட்டுக்கட்டாக விற்றிருக்கிறேன். அப்போது அது தவறாகத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

உங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியைச் சொல்கிறேன். இசைக் கலைஞர்கள் தாங்களே எடுத்த சிடியை இணையத்தில் விற்கும் பழக்கத்தைப் பெரிதாக வளர்த்தது அமெரிக்காவில் தொடங்கிய ‘சிடி பேபி’ என்ற கடை. 1998இல் டெரெக் சிவர்ஸ் என்ற இசைக் கலைஞர், தன்னுடைய சிடியைப் பெரிய கடைகள் எடுத்துக்கொள்ளாததால், தானே ஒரு தளம் கட்டி விற்கத் தொடங்கினார். நண்பர்கள் தங்கள் சிடியையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க, அது கடையாயிற்று. விலையைக் கலைஞரே வைப்பார், கடை ஒரு சிடிக்கு நான்கு டாலர் எடுத்துக்கொள்ளும், வாரந்தோறும் பணம் கொடுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாங்கியவர் மறுக்காத வரையில் அவருடைய பெயரையும் முகவரியையும் கலைஞருக்குத் தந்துவிடும். அடுத்த சிடி வரும்போது யாருக்கு எழுதுவது என்பது கலைஞருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சில்லறைக் கடை 2020 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது.

இன்றைய பெரும் சந்தைகளில் எல்லாம் கிடைக்கும், வாங்கியவரோடு அந்தத் தொடர்பு மட்டும் கிடைக்காது. வாங்கியவர் சந்தையின் வாடிக்கையாளர். அவருக்கு நீங்கள் ஒரு நன்றிக் கடிதம் எழுதினால்கூட விதிமீறல் என்று எச்சரிக்கை வரலாம். என் கடைக்கு வந்து கானா கேசட் வாங்கிய துறைமுகத் தொழிலாளி அடுத்த மாதம் வந்து, அதே ஆள் பாடியது வேறு வந்திருக்கிறதா என்று கேட்பார். ஒரு பாடகனுக்குப் பிழைப்பு என்பது அந்தக் கேள்விதான். 250 ரூபாயில் 44 மிஞ்சுகிறது என்பதைவிட, அந்த 23 பேர் யாரென்று ராயபுரம் நண்பருக்குத் தெரியாமல் போனதைத்தான் நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன்.

இன்னொன்று. 300 எடுத்தோம் என்கிறீர்கள். அது அச்சு வார்த்த சிடியாக இருக்காது, எழுதிய சிடி-ஆர் ஆகத்தான் இருக்கும். ஆலையில் கண்ணாடி மூலத்தட்டும் உலோக அச்சும் செய்து பாலிகார்பனேட்டில் வார்ப்பதற்குத் தொடக்கச் செலவு அதிகம் என்பதால் பெரும்பாலும் 500, 1000 என்றால்தான் எடுத்துக்கொள்வார்கள். சிடி-ஆர் என்பது சாயப் படலத்தில் லேசரால் எழுதுவது. அதில் குற்றமில்லை, ஆனால் பட்டியலில் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வாங்கியவர் கீழ்ப்பக்கத்தின் நிறத்தைப் பார்த்தே போலி என்று புகார் கொடுத்துவிடுவார். வெயிலிலும் வைக்காதீர்கள், அந்தச் சாயம் வெளுத்துப் போகும்.

ராயபுரம் கீபோர்டு

ஐயா சொல்வது உண்மை. அந்த 23 பேரில் ஒருவர் தென்காசிப் பக்கம் என்பது மட்டும் உறையில் பார்த்த நினைவு. அவர் ஐந்து நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதியிருந்தார். அவருக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை.

ஒற்றியூர் பாடகி

நான் திருவொற்றியூரில் பாட்டு கற்றுக்கொடுக்கிறேன். வள்ளலார் பாடல்களைப் பாடி ஒரு குறுந்தகடு வெளியிட்டேன். அவை உரிமைக் காலம் கடந்தவை என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மெட்டும் நானே அமைத்தது.

எனக்கு நேர்ந்த சிக்கல் வேறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி ஒலிப்பதிவின் மேலும் அதன் உறையின் மேலும் பதிவைத் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளோ அதிகபட்ச விலையையும், புகார் சொல்வதற்கான தொலைபேசி எண்ணையும் கேட்கின்றன. இணையச் சந்தை இவற்றில் பலவற்றைப் பட்டியல் பக்கத்திலும் காட்டும். தனியே வாழும் ஒரு பெண் தன் வீட்டு முகவரியையும் எண்ணையும் ஊரறியத் தர வேண்டியிருந்தது. முதல் மாதத்திலேயே இரவு பதினோரு மணிக்கு அழைப்புகள் வந்தன. பிறகு என் சகோதரர் கடையின் முகவரியைப் போட்டு, அதற்கென்றே ஒரு புதிய எண்ணை வாங்கி, உறையை மறுபடியும் அச்சடித்தேன். குழுவில் பெண்கள் இருந்தால் இதை முன்பே யோசித்துவிடுங்கள்.

பெரம்பூர் கிட்டார்

வாங்குபவர் யார் என்று தெரிய வேண்டும் என்றால் பேண்ட்கேம்ப் இருக்கிறது. கலைஞர்கள் தங்கள் இசையைத் தாங்களே விற்கும் தளம், 2008 முதல் நடக்கிறது. சிடி போன்ற பொருளுக்குப் பத்து விழுக்காடும் டிஜிட்டலுக்குப் பதினைந்து விழுக்காடும் எடுத்துக்கொள்கிறார்கள். பொருளை நாம்தான் அனுப்ப வேண்டும் என்பதால் பெயரும் முகவரியும் நம் கைக்கு வந்துவிடும். டிஜிட்டல் பாட்டுக்கும், வாங்கியவர் சம்மதித்தால், அவருடைய மின்னஞ்சல் கிடைக்கும்.

ஆனால் நமக்கு அதில் ஒரு முள் இருக்கிறது. நான் விற்கும்போது பணம் பேபால் என்ற இணையப் பணச் சேவையின் வழியே வந்தது. பேபால் நிறுவனம் இந்தியாவுக்குள் ஒருவருக்கொருவர் பணம் செலுத்தும் சேவையை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆகவே டொரொண்டோவிலும் பாரிஸிலும் இருக்கும் தமிழர்கள் என் சிடியை வாங்கினார்கள். புளியந்தோப்பில் இருக்கும் என் நண்பன் வாங்க முயன்றபோது பணம் போகவில்லை. கடைசியில் அவன் யுபிஐயில் அனுப்பிவிட்டு, சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

உள்ளூருக்கு நான் இப்போது செய்வது இதுதான்: சிடி உறையிலேயே யுபிஐ க்யூஆர் கட்டம், ஒரு வாட்ஸ்அப் எண், அஞ்சலில் விரைவுத் தபால். பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் வாங்கியவர் பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

எருக்கஞ்சேரி வழக்குரைஞர்

யாரும் தொடாத இடத்தைத் தொட வேண்டியிருக்கிறது. அந்த எட்டாவது பாடல்.

திரைப்பாடல் ஒன்றை உள்ளபடி மறுபதிவு செய்து விற்க, பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 31சி என்ற பிரிவு ஒரு வழி தருகிறது. ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு படைப்புக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான உரிமைத் தொகையைக் கட்ட வேண்டும். 300 சிடி எடுப்பவருக்கு அது எட்டாத உயரம். அதுவும் பாடலை மாற்றாமல் பாடுபவர்களுக்கு உரியது. மெட்டை வைத்துக்கொண்டு வரிகளை மாற்றுபவருக்கு அந்தப் பிரிவே பொருந்தாது. உரிமையாளரின் அனுமதியை நேரடியாகப் பெற வேண்டும்.

வியாசை இளங்கவி

அக்கா, திரை மெட்டில் சொந்த வரி போட்டுப் பாடுவது எங்கள் தெருவின் பழக்கம். எங்கள் மெட்டையும் சொல்லையும் சினிமா எடுத்துக்கொண்டபோது யாரும் எங்களிடம் அனுமதி கேட்கவில்லை. 300 சிடிக்கு இவ்வளவு அச்சம் தேவையா?

எருக்கஞ்சேரி வழக்குரைஞர்

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது தம்பி. நானும் அந்தத் தெருவில் வளர்ந்தவள்தான். தெருவில் பாடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இணையச் சந்தையில் போட்டால் ஒரு புகார் போதும், பட்டியல் முழுவதையும் எடுத்துவிடுவார்கள், சில இடங்களில் விற்பனையாளர் கணக்கையே முடக்கி நிலுவைப் பணத்தையும் நிறுத்திவைப்பார்கள். ஒரு பாடலுக்காக மற்ற ஏழும் போகும். சினிமா எடுத்துக்கொண்டதை எதிர்த்து நாளை நீங்கள் கேட்க வேண்டுமானால், உங்கள் கையில் ஆண்டும் பெயரும் அச்சிட்ட, குற்றம் சொல்ல முடியாத ஒரு பதிவு இருக்க வேண்டும். அந்தச் சிடிதான் அதற்குச் சாட்சி.

பெயர் பற்றித் தம்பி எழுதினாரே, அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. பாடுபவரைப் போலவே வாத்தியம் வாசிப்பவரும் நிகழ்த்துநர். அவருடைய உரிமை ஐம்பது ஆண்டுகள். 38பி பிரிவு, இதை நிகழ்த்தியவர் இன்னார் என்று அறியப்படும் உரிமையை அவருக்குத் தருகிறது. ஆறு பேரும் ஒரு தாளில் யார் எதை வாசித்தார், வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத்தறியாதவர் என்றால் படித்துக் காட்டி, சாட்சி வைத்து, கைரேகை பெறுங்கள். உரிமையை யாருக்காவது எழுதிக் கொடுக்கும் நிலை வந்தால் கால அளவையும் எல்லையையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்றும் இந்தியா என்றும் எடுத்துக்கொள்ளும். இணையத்திலிருந்து எடுத்த பீட் (ஆயத்தத் தாள இசை) எதுவும் பதிவில் இருந்தால் அதன் உரிமத்தையும் படித்துப் பாருங்கள். விற்பனைக்கு அனுமதியில்லாதவை நிறைய இருக்கின்றன.

பெரம்பூர் கிட்டார்

பெயர் விஷயத்தில் இன்னும் இரண்டு செய்திகள். கணினியில் சிடியைப் போட்டால் ‘டிராக் 01’ என்று மட்டும் காட்டுவது பலருக்குத் தெரிந்திருக்கும். ஒலி இருக்கிறது, பெயர் வட்டில் எழுதப்படவில்லை என்பதே காரணம். மறுபடி எடுக்கும்போது, பெயர்களை வட்டிலேயே எழுதும் சிடி-டெக்ஸ்ட் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாடலுக்கும் ஐஎஸ்ஆர்சி எண், அதாவது அந்த ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் எண், வாங்கிச் சேர்த்துவிடுங்கள். இந்தியாவில் அதைத் தருவது ஐஎம்ஐ என்ற இசைத் துறை அமைப்பு.

அடுத்தது டிஸ்காக்ஸ். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தளம். பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் சந்தையாகவே பலர் அதை அறிவார்கள். ஆனால் அதன் அடித்தளம் ஒரு பட்டியல். நம்மைப் போன்றவர்களே வெளியீடுகளை ஒவ்வொன்றாகப் பதியலாம். டோல் வாசித்தவர் இன்னார், சட்டி இன்னார், ஒலிப்பதிவு இன்னார் என்று வாத்தியம் வாரியாகப் பெயர் சேர்க்க இடமிருக்கிறது. ஒரு சிடிகூட அங்கே விற்காவிட்டாலும் அந்தப் பெயர்கள் நிற்கும். உறையின் படத்தை அனுப்பினால் நானே பதிந்து தருகிறேன்.

பழைய கேசட் கடை

பெரம்பூர்த் தம்பி, என்னிடம் பழைய கானாக் கேசட் உறைகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. வாசித்தவர்கள் யார் என்பது சிலவற்றுக்கு எனக்கு நினைவிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் பதிவீர்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன்.

பெரம்பூர் கிட்டார்

கட்டாயம் வருகிறேன் ஐயா. தனிச் செய்தியில் முகவரியை அனுப்புங்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு குழுவாக உட்கார்ந்து, இங்கே எழுதப்பட்டதை எல்லாம் உரக்கப் படித்தோம். கீபோர்டு வாசிப்பவர், மீதியுள்ள 190 சிடிகளையும் இப்படியே விற்றுவிடலாம் என்றார்; அதில் போட்ட காசு அவருடையது என்பதால் அவர் வருத்தம் எங்களுக்குப் புரிந்தது. கடைசியில் அந்தப் பெட்டிகளை அப்படியே மூடி வைப்பது என்று முடிவு செய்தோம். ஏழு சொந்தப் பாடல்களையும், சட்டியும் புல்புல்தாராவும் மட்டும் வாசிக்கும் ஒரு புதிய வாத்தியப் பதிவையும் சேர்த்து நூறு சிடி எடுக்கிறோம். முதலில் அவருடைய காசு திரும்ப வேண்டும் என்பதையும் கையெழுத்துத் தாளில் எழுதியிருக்கிறோம்.

அறுபது சிடிகள் மேடை ஓரத்துக்கும் யுபிஐ, தபால் வழிக்கும். இருபது வெளிநாட்டில் கேட்பவர்களுக்கு; மாநிலம் தாண்டிய விற்பனை என்பதால் முழுப் பதிவு பெற்ற பிறகே அவற்றைப் பேண்ட்கேம்பில் போடுவோம். இருபதை மட்டும், பதிவு இல்லாத விற்பனையாளராக, தமிழ்நாட்டுக்குள் இணையச் சந்தையில் போட்டுப் பார்க்கிறோம். கானா என்று தேடும் முன்பின் தெரியாத ஒருவர் கண்ணில் படுவதற்கு அந்த இடம் வேண்டியிருக்கிறது. அந்த இருபதின் உறைக்குள் மட்டுமல்லாமல் எல்லா உறைகளிலும், எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று வாட்ஸ்அப் எண்ணோடு அச்சிடுகிறோம். உறையில் அச்சாவதற்குச் சந்தையின் விதி குறுக்கே வருமா என்பதை வழக்குரைஞர் அக்கா சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

பெயர்களை இந்த முறை பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம். சட்டிக்காரர், தன் பெயரோடு அப்பா பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார். வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தானாம். ஒரு வரி கூடுகிறது, எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இடம் போதும் என்று ஆண்டர்சன் தெருவில் சொல்லியிருக்கிறார்கள்.